ஒரே ஒரு ‘தான்’

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை மூன்றாவது முறையாக எழுதப் போகிறவனை ‘வக்கீல் சார்’ என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அவன் அக்கா. முதல் இரண்டு முறையும் அவனைக் கவிழ்த்தது தர்க்கப் பகுதி. அதனால் சாப்பிடும்போதுகூட அதையே படித்துக்கொண்டிருந்தான். அக்காவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளும். பாத்திரம் உருண்டதாலேயே அக்காவுக்குக் கோபம் என்று சொல்லிவிட முடியாது, பூனையாகவும் இருக்கலாம். இது புரிய அவனுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அன்று எதுவும் உருளவில்லை. அக்கா சத்தமில்லாமல் வந்து ஒரு தாளைப் புத்தகத்தின்மேல் வைத்தாள்.

“எழுத்துப் பிழை மட்டும் பாரு. வேற வாலாட்டாத.”

அவள் துணிக் கிடங்கில் சரக்கு லிஃப்ட் ஓட்டுகிறவள். மேல்மாடியில் மூட்டை ஏற்றுகிறவர் கம்பிக் கதவைச் சாத்திவிட்டு மணி அடிப்பார். கீழே அவள் விசையை அழுத்தி இறக்குவாள். போன வாரம் அந்தக் கதவில், மூட்டை ஏற்றுகிற நெட்டை அண்ணனின் இரண்டு விரல்கள் போய்விட்டன. நாளைக்கு விசாரணை. அதில் அவள் கொடுக்க வேண்டிய விளக்கம்தான் இந்தத் தாள்.

‘மணி அடித்தால் லிஃப்டை இறக்குவேன்’ என்ற வரியில் அவன் பேனா நின்றது.

“இதுல ஓட்டை இருக்குக்கா. மணி அடிக்காமலும் இறக்குவேன்னு ஆகலாம். ‘அடித்தால்தான்’னு மாத்து. ஒரே ஒரு ‘தான்’. அப்புறம் உன்னை எவனும் அசைக்க முடியாது.”

“எப்படி?”

இரண்டு வருடமாக யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“மணி அடிச்சாத்தான் நீ இறக்குவே. அன்னைக்கு இறக்கினே. அப்போ மணி அடிச்சிருக்குன்னு ஆயிடும். கேஸ் முடிஞ்சது.”

“மணி அடிச்சது யாரு?”

“மேல நின்னவர்தான். நெட்டை அண்…”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மணி அடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டது அவர் குற்றம் என்றாகிவிடும்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அன்னைக்கு மணி அடிக்கலடா. கதவை இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. சாத்திட்டாருன்னு நினைச்சேன். பத்து வருஷமா அந்தச் சத்தத்துக்கு அப்புறம் மணி வருது. அன்னைக்கு மணிக்கு முன்னாடியே அழுத்திட்டேன்.”

“அவர் என்ன சொல்றாரு?”

“மணி அடிச்சேனா இல்லையான்னே நினைவில்லையாம். ‘நீ சொல்றதுதான் தங்கச்சி’ங்கறாரு.”

“உண்மையைச் சொன்னா வேலை போயிடுமேக்கா.” தன் கோச்சிங் வகுப்பும் அந்த வேலையோடு சேர்ந்து போகும் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

“போனாலும் போகும்.”

அவன் தாளை அவள் பக்கம் நகர்த்தினான். “இப்படியே கொடுத்துடு. ‘தான்’ வேண்டாம். இதுல பொய் எதுவும் இல்லையே.”

“பொய் இல்லன்னா உண்மையைச் சொல்லிட்டதா ஆயிடுமா, வக்கீல் சார்?”

புத்தகத்தில் இந்தக் கேள்வி எந்தப் பக்கத்திலும் இல்லை.

“கீழ ஒரு வரி சேர்க்கணும். நீயே எழுது. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினான்: ‘அன்று மணி அடிக்கவில்லை. நான் இறக்கினேன்.’

“பிழை இருக்கா பாரு.”

ஐந்தே சொற்கள். இரண்டு முறை படித்தான்.

“இல்லக்கா.”

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.