இரண்டு ஊர்க் கிணற்றுத் தண்ணீர்

ஆலங்காட்டுப் பெரியதனக்காரர் அங்கமுத்துவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் ஒரே மகள் ராஜம்மாள் பேச்சை எடுத்தால் மனிதர் உருகிவிடுவார். அவளை வாய்க்கால் தலைப்பில் இருக்கிற மேலமடையில் கட்டிக் கொடுத்திருந்தார். இப்போது முழுகாமல் இருந்தாள். வாய்க்கால் கடைசியில் இருக்கிற கீழமடையோடு பாழாய்ப் போன மடைத்தண்ணீர்ச் சண்டை இந்த நேரம் பார்த்துத்தானா முற்ற வேண்டும்! கீழமடைக்காரர்கள் வெற்றிலைக் கொடிக்காலைக் கொளுத்தினார்கள், மேலமடைக்காரர்கள் மாட்டை வெட்டினார்கள். அது வெள்ளைக்காரன் காலம். வேலூரிலிருந்து போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோகும். மருமகன் சொல்லி அனுப்பினான்: “மாமா, வெறுங்கம்போட நிக்கறோம். வேல் அடிச்சுக் குடுங்க.”

கொடுக்க மனசிருந்தால் போதுமா? கொல்லுப் பட்டறை ஆலங்காட்டுக்கும் பக்கத்துப் புங்கம்பாளையத்துக்கும் பொது. இரண்டும் கொண்டு கொடுத்த ஊர்கள். முன்னொரு காலத்தில் இங்கிருந்து போன ஆயுதத்தால் ஓர் ஊரே பூண்டற்றுப் போனதாம். அன்று போட்ட கட்டு இது: சண்டை நடக்கிற ஊருக்கு ஆயுதம் போவதென்றால் இரண்டு ஊரும் கூடிப் பேச வேண்டும். சம்மதம் ஆனால், இரண்டு பெரியதனக்காரர்களும் அவரவர் ஊர்க் கிணற்றில் ஒரு குடம் மொண்டு வந்து பட்டறைத் தொட்டியில் ஊற்றுவார்கள். பழுத்த இரும்பை அந்தக் கலந்த தண்ணீரில்தான் முக்க வேண்டும். ஒரு குடம் வராவிட்டாலும் வேல் கிடையாது.

கருப்பண்ணார் கோயில் வேம்படியில் பேச்சு நடந்தது. புங்கம்பாளையத்துப் பெரியதனக்காரர் சின்னண்ணன் குரலை உயர்த்தாத ஆள். பிடித்த பிடியையும் விடமாட்டார்.

“மச்சான், கீழமடையில என் தங்கச்சி வள்ளியாத்தா பொழைக்கிறா. உங்க வேல் ஆரு நெஞ்சுக்குப் போவுமுங்க?”

“என் புள்ள வகுத்துப் புள்ளத்தாச்சி, மாப்ள! அவ ஊட்டுக்காரன் வெறுங்கையோட சாவட்டுங்கறீங்களா?” என்று சீறினார் அங்கமுத்து. அப்புறம் தணிந்து, “சரி, வேல் வேண்டாம். கரும்பு வெட்டற கொடுவாள்னு குடுப்போமுங்களா?”

“கொடுவாளுக்குக் கரும்பு எது கழுத்து எதுன்னு தெரியுமுங்களா மச்சான்? ரண்டு பக்கத்துக்கும் ஒண்ணும் வேண்டாமுங்க. கட்டு நிக்கட்டும்.”

வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அங்கமுத்துவின் தலை ஆடியது, மனசு ஆடவில்லை.

மறுநாளே அவர் தம் ஊர்க் கிணற்றில் இரண்டு குடம் மொண்டு பட்டறைக்குக் கொண்டு போனார். “இது நம்முளுது. இது சின்னண்ணன் குடுத்தனுப்பினது. வெளியில மூச்சு விட்டீன்னா தெரியும்” என்றார். கொல்லன் கந்தப்பன் குடங்களைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், துருத்தியை மிதித்தான்.

செக்கச் செவேலென்று பழுத்த வேல்முனையைத் தொட்டியில் முக்கினான். சத்தமே வரவில்லை. சுர்ரென்ற ஓசையில்லை, ஆவியில்லை. இரும்பு கருத்து வெளியே வந்தது. கந்தப்பன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

“போன வாரமும் இப்பிடித்தானுங்க, சத்தம் வல்லீங்க.”

“போன வாரம் என்னத்த அடிச்சே?”

கந்தப்பன் அவர் முகத்தைப் பார்க்காமல் உலையைக் கிளறினான். “ஏர்க்கொழுவுங்க.”

“அப்ப உன் தொட்டியிலதான் கோளாறு. அடிடா!”

அடித்தான். துணியால் துடைக்கத் துடைக்க முனைகளில் ஈரம் கசிந்துகொண்டே இருந்தது. வண்டியில் வாழைச் சருகுக்கு அடியில் வைத்து அனுப்பும்போதும் சருகு நனைந்திருந்தது. அங்கமுத்துவுக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் மகள் பிழைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, நல்ல உச்சிவேளை. வாசலில் ராஜம்மாள் நின்றாள். சேலை தொப்பலாக நனைந்திருந்தது.

“அம்மணி! இந்த வெயில்ல ஒண்டியாவா வந்தே சாமி?”

“தாகமா இருக்குதுங்கய்யா.”

ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கவில்லை.

“இந்தக் கெணத்துத் தண்ணி வேண்டாமுங்க. ரண்டு கொடமும் இதுதானுங்களே. புங்கம்பாளையத்துத் தண்ணி கொண்டாங்க.”

ஐயோ, இவளுக்கு யார் சொன்னார்கள்? அங்கமுத்துவுக்கு மயிர்க்கால்கள் குத்திட்டன. அவள் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, காலடி மண்ணோ பொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. சொம்பைப் போட்டுவிட்டு, வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பட்டறையருகே எதிரே இன்னொரு வெறுங்குடம் ஓடி வந்தது. சின்னண்ணன்.

“மச்சான், வள்ளியாத்தா வாசல்ல வந்து நிக்கறா. உங்கூர்த் தண்ணிதான் வேணுங்கறா.”

“ஏன், உங்கூர்த் தண்ணிக்கு என்ன?”

சின்னண்ணன் தலை கவிழ்ந்தார். “நாம பேசறதுக்கு முந்தின வாரமே கீழமடைக்கு வேல் அடிச்சனுங்க. ரண்டு கொடமும் எங்க கெணத்துதுதான்.”

கந்தப்பன் சொன்ன ஏர்க்கொழு இதுதானா! துரோகி என்று கத்த வாயெடுத்தார் அங்கமுத்து. அந்தச் சொல் தம்மையும் சேர்த்துத்தான் சுடும் என்று தெரிந்துபோயிற்று. “நானும் அதைத்தான் செஞ்சேன் மாப்ள” என்றார். ஆளுக்கொரு பக்கம் ஓடி, தம் ஊர்த் தண்ணீரையே மற்றவருக்காக மொண்டு வந்தார்கள்.

அதற்குள் வாய்க்கால் பாதையிலிருந்து ஒரு வண்டி வந்து பட்டறையில் நின்றது. வைக்கோல் மேல் ராஜம்மாளும் வள்ளியாத்தாவும் கிடந்தார்கள், நனைந்த சேலையோடு. பக்கத்தில் இரண்டு வேல்.

“வெலக்கி உடறமுன்னு ரண்டு பேரும் மடைக்குள்ள எறங்கிட்டாங்க. ஆரு வேல் ஆருமேல பட்டுதுன்னே தெரியலீங்க” என்று வண்டிக்காரன் அழுதான். “உச்சிக்கு முன்னாலயே உசிரு போயிருச்சுங்க.”

“எஞ்சாமி, உன்னக் காப்பாத்தத்தான அனுப்புனேன்!” என்று அங்கமுத்து நெஞ்சில் அறைந்துகொண்டு அலறினார். இருவரும் இரண்டு குடத்துத் தண்ணீரையும் கலந்து, செத்தவர்களின் வாயில் ஊற்றினார்கள். தண்ணீர் உதட்டில் நில்லாமல் வழிந்து, பக்கத்தில் கிடந்த வேல்முனைகள் மேல் ஓடியது.

சில்லென்று கிடந்த இரும்பு சுர்ரென்று சீறியது. வெள்ளை ஆவி எழுந்தது. கந்தப்பன் பட்டறைக்குள்ளேயே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அங்கமுத்து இன்னும் குடத்தைச் சாய்த்துக்கொண்டே இருந்தார். மகளின் உதடு கடைசிவரை நனையவேயில்லை.