தலைவர் சீனி துறந்தார்

இதனால் கடலோரப் பெருமக்கள் அனைவருக்கும், கடலில் வலை விடுவோர், களப்பில் இறால் பிடிப்போர், கரையில் கதை பேசுவோர் ஆகிய சகலருக்கும் அறியத் தரப்படுவது யாதெனில்: மீனவர் சங்கத் தலைவரும், கோயில் சபையின் மூத்த உறுப்பினரும், பகிரங்கக் கூட்டங்களில் நன்றியுரை ஆற்றுபவருமாகிய திருவாளர் ஸ்ரனிஸ்லஸ் அவர்கள், தபசுகாலம் தொடங்கும் இன்றைய விபூதிப் புதன் தொடக்கம் சீனியை முற்றுமுழுதாகத் துறந்துள்ளார்.

இந்த அறிவித்தலைக் கோயில் ஒலிபெருக்கியில் வாசித்தவரும் திருவாளர் ஸ்ரனிஸ்லஸ் அவர்களே. பூசை முடிந்ததும் அறிவித்தல் வாசிப்பது அவருடைய பொறுப்பு. நெற்றியில் சாம்பலோடு நின்ற சனம் அமைதியாகக் கேட்டது. ஆண்டவருக்காக ஒரு மனிதர் வெறுந்தேநீர் குடிக்கப் போகிறார் என்று சில பெண்கள் உருகியும் போனார்கள்.

தலைவர் வாசிக்காமல் விட்ட பகுதி ஒன்று இருந்தது. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் பிள்ளை, அவருடைய மகள் வயதுகூட இராது, அடிவயிற்று வீக்கத்தை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தாள்.

"குடலிறக்கம் ஐயா. ஒப்பரேஷன் செய்யத்தான் வேணும். ஆனா நூற்றி நாலு கிலோவோடை செய்யிறது ஆபத்து. பத்துக் கிலோவெண்டாலும் குறைச்சுக்கொண்டு ஈஸ்ரர் கழிய வாங்கோ. அதுக்கிடையிலை வீக்கம் உள்ளுக்குப் போகாமல் இறுகிச்சுதெண்டால் நிண்டு யோசிக்காதேங்கோ, ஓடி வாங்கோ."

அன்றிலிருந்து ஸ்ரனிஸ்லஸ் கண் விழித்ததும் சிலுவை போட எழும்பிய கை, வழி மாறி அடிவயிற்றுக்குப் போனது. அமுக்கினால் வீக்கம் உள்ளே போகிறதா? போனது. அதற்குப் பிறகுதான் பிதா, சுதன், பரிசுத்த ஆவி.

குறைத்தால் ஒப்பரேஷன் மேசை. குறைக்காவிட்டால் இறுகும், அப்போதும் மேசைதான். மேசையில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் திட்டவட்டமாகத் தெரியும். முகத்தில் எதையோ வைத்து அமுக்குவார்கள். எண்ணச் சொல்வார்கள். எண்ணி முடிகிறபோது எண்ணியவன் இருக்க மாட்டான். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. சங்கத் தலைவர் போய் இப்படியொரு கேள்வியைக் கேட்டால் சங்கம் என்னாவது? புயலில் படகு கவிழ்ந்து விடியும்வரை மிதந்த மனிதர் அவர். கடலென்றால் கையைக் காலை அடிக்கலாம். மேசையில் மல்லாந்து கிடந்துகொண்டு எதை அடிப்பது?

ஆகவே பயத்துக்குத் தபசு என்று பெயர் வைத்து ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டார். மரியாதையாகவும் இருந்தது.

சீனி இல்லாத முதல் வாரம் தலைவர் குசினிப் பக்கம் போனால் சீனிப் பேணியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். பிறகு பாரிசில் இருக்கும் மகள் ஜெயரூபினி ஊருக்கு வந்த ஒருவரிடம் பெரிய பொதியொன்று கொடுத்துவிட்டாள். சீனி சேராத பிஸ்கற், சீனி சேராத சொக்கிலேற், தேநீருக்குப் போடும் இனிப்புக் குளிசை. ஸ்ரனிஸ்லசுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் கொட்டையாக ஒரு பூச்சியம் இருந்தது. பூச்சியம் எந்தப் பாஷையிலும் பூச்சியம்தானே.

"சீனியை விட்டுட்டனெண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு உதென்னப்பா?" என்றாள் மனைவி ஆன்சலா.

"இஞ்சேர், நான் விட்டது சீனியை. இனிப்பை விட்டனெண்டு எங்கையாவது வாசிச்சனானோ?"

"ஆண்டவரோடையும் சங்கக் கூட்டம் மாதிரித்தான் கதைக்கிறியள்."

ஆனாலும் அவள் செய்து கொடுத்தாள். கருப்பட்டிக்குப் பதிலாகக் குளிசை கரைத்த வட்டிலப்பம். மற்றபடி முட்டை, தேங்காய் முதற்பால், கஜு எல்லாம் வழமைபோல. தபசில் மெலிகிற மனிதருக்குத் தெம்பு வேண்டுமென்று கஜு கொஞ்சம் கூட. கருப்பட்டி போட்ட காலத்தில் ஸ்ரனிஸ்லஸ் ஒரு துண்டோடு எழும்புவார், மனச்சாட்சி உறுத்தும். பூச்சியத்தில் உறுத்த என்ன இருக்கிறது? தட்டத்தை வழித்துவிட்டு எழும்பினார். அதோடு ஒரு விசித்திரம்: வாய்க்குள் இனிப்பு இருக்கும்வரை மேசை நினைவுக்கு வரவில்லை. விழுங்கியதும் வந்தது. ஆகவே மறுபடி ஒரு கரண்டி.

எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. அந்த வாசனையே போதும், முதுகு வேர்க்கும். ஆகவே சங்கத்து மீன் வாடித் தராசில் ஏறினார். மீன் நிறுக்கும் பொறுப்பு ஆன்சலாவின் தம்பி கிறகோரிக்கு.

முள் தொண்ணூற்றெட்டில் நின்றது.

"பாத்தியோ கிறகோரி! ஆறு கிலோ இறங்கியிட்டுது!"

கிறகோரி முள்ளைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். "நல்லது அத்தான்" என்றான். கட்டா மீன் பெட்டியோடு யாரோ காத்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, இனிப்பைத் துறக்காமலே இளைக்கும் விஞ்ஞான முறை பற்றித் தலைவர் ஒலிபெருக்கியில் விளக்கமளித்தார். சுவாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதே வாரம் இடுப்புப் பட்டி கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை.

"மெலிஞ்ச ஆளுக்குப் பெல்ட் ஏன் எட்டேல்லை?"

"தோல் பெல்ட் ஆன்சலா. கடற்காத்துக்குச் சுருங்கும்."

ஈஸ்ரருக்கு முந்திய பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை தலைவர் மறுபடி வாடிக்குப் போனார். தராசில் அப்போதுதான் கிறகோரி வெறும் பெட்டியொன்றை வைத்து, ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். மீன் இன்னும் வரவில்லை. ஸ்ரனிஸ்லஸ் முள்ளைப் பார்த்தார். பெட்டியும் ஐசும் தராசில் இருக்க, முள் பூச்சியத்தில் நின்றது.

"கிறகோரி, உதென்ன பழுதோ?"

"பழுதில்லை அத்தான். பெட்டிக் கழிவு. பெட்டிக்கும் ஐசுக்கும் எவ்வளவு கழிக்கிறதெண்டு ஒவ்வொரு நாளும் சண்டையெண்டு, முள்ளை அதுக்கேத்த மாதிரிப் பின்னுக்கு வைக்கச் சொல்லி நீங்கள்தானே கூட்டத்திலை தீர்மானம் போட்டனீங்கள்?"

"எத்தினை கிலோ கழிவு?"

"எட்டு."

தொண்ணூற்றெட்டும் எட்டும் எத்தனை என்று தலைவர் கணக்குப் பார்க்க விரும்பவில்லை. அது தானாகவே நடந்துவிட்டது.

"நான் ஏறேக்கை ஏன்ரா சொல்லேல்லை?"

"நீங்கள் போட்ட தீர்மானம் உங்களுக்குத் தெரியாதே? கூட்டிப் பாப்பியளெண்டு நினைச்சன். பேந்து கோயிலிலை வேறை வாசிச்சியள். தலைவர் சொன்னதை நான் மறுத்துச் சொல்லுறதே?"

ஸ்ரனிஸ்லசின் கை அடிவயிற்றுக்குப் போனது. அமுக்கினார். வீக்கம் அசையவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். கல் மாதிரி இருந்தது. காலையில் குறுக்காக ஒரு குத்து இருந்ததையும், அதை அவர் வாய்வு என்று தீர்மானித்ததையும் நினைத்துக்கொண்டார். அந்தக் குத்து இப்போது திரும்பி வந்தது. வாய்வு இப்படி வராது. குளிர்ந்த வேர்வை கழுத்தால் ஓடியது. மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் இருந்தார்.

"அத்தான்? அத்தான்! அக்காவைக் கூப்பிடட்டே?"

ஓட்டோவில் ஆன்சலா அவருடைய தலையைத் தோளில் சாய்த்து வைத்திருந்தாள். முன்னால் கிறகோரி ஓட்டினான். பள்ளத்தில் விழும்போதெல்லாம் தலைவர் அந்தோனியாரைக் கூப்பிட்டார், பள்ளமில்லாத இடங்களில் மாதாவை.

"ஆன்சலா."

"ம்."

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீங்கள் சீனியை விட்ட நாளிலை இருந்து."

அவளுடைய கையைச் சிறுபிள்ளை பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அதே டொக்டர் பிள்ளைதான். தராசில் ஏற்றியதும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயா, கூடிக் கிடக்கு! என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றாள்.

"சீனி ஒரு கரண்டி வாயிலை வைக்கேல்லைப் பிள்ளை. சத்தியமா."

ஆன்சலா மிச்சத்தைச் சொன்னாள். முட்டை, முதற்பால், கஜு, தட்டம். டொக்டர் நெற்றியைத் தேய்த்தாள்.

"தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாக் குளிசை போட்டால் சரி, கொஞ்சம் உதவும். சீனியில்லையெண்டதுக்காகத் தேங்காய்ப்பாலிலை கொழுப்பு இல்லாமல் போகுமே? பிஸ்கற்றிலை மாவும் பட்டரும் இல்லாமல் போகுமே? சீனி போட்டதெண்டால் நீங்கள் ஒரு துண்டோடை விட்டிருப்பியள்."

"பெட்டியிலை பூச்சியமெண்டு போட்டிருந்தது."

"அது சீனிக்குப் போட்டது ஐயா." வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. "இனிக் குறைக்கிற கதைக்கு நேரமில்லை. இறுகியிட்டுது. இப்பவே செய்யவேணும்."

இப்பவே. அந்தச் சொல்லுக்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. ஏதோ சம்மதப் படிவத்தில் பெருவிரலை அமுக்கி வைத்தார்கள். பச்சை உடுப்பு மாட்டினார்கள், பின்னால் பொருந்தவில்லை. ஆன்சலாவின் கையிலிருந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. தள்ளுவண்டி போகையில் மேலே விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. முகத்தில் எதை எப்போது வைக்கப் போகிறார்கள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தார். எண்ணச் சொன்னால் எண்ணக்கூடாது என்று முடிவெடுத்தார். எண்ணாவிட்டால் முடியாதல்லவா?

ஈஸ்ரர் கழிந்து இரண்டாம் ஞாயிறு, தலைவர் மறுபடி ஒலிபெருக்கியைப் பிடித்தார். முகத்தில் மூடியை வைத்ததையும், இருள் வந்ததையும், இருளின் மறுகரையில் ஒரு வெளிச்சம் நின்றதையும், அங்கிருந்து தன்னை யாரோ திருப்பி அனுப்பியதையும் விரிவாக எடுத்துரைத்தார். சனம் கண்ணீர் விட்டது.

அவருக்கு இடுப்புக்குக் கீழே விறைக்க முதுகில் ஒரு ஊசிதான் போட்டார்கள். ஒப்பரேஷன் முடியும்வரை விழித்திருந்து கதைத்துக்கொண்டே இருந்தார்.