சுவரில் ஒட்டிய ஃபோம்

தீ தம்பி சுருட்டையைத் தொடவே இல்லை, புகைதான் கொன்றது. பிணவறையில் அவன் தூங்குகிறவன் போலக் கிடந்தான். மூக்கோரம் மட்டும் கரி. அக்கா கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அவள் கணவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

தாய் தகப்பன் போனபின் அவள் தூக்கி வளர்த்த தம்பி. ராக் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தான். தலைமுடியால் வந்த பெயர்தான் சுருட்டை. அன்று கச்சேரி நடந்த கிளப்பின் முதலாளி மேடையோரம் பூவாணப் பட்டாசு வைக்கச் சொன்னார். பொறி பின்சுவரில் பட்டது. பாட்டு முடிவதற்குள் கூரை எரிந்தது. பின்கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் வெளியே வரவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவள் கணவர் வீட்டிலிருந்த நாற்காலிகளின் மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி முற்றத்தில் போட்டார். மெத்தை தைப்பதுதான் அவர் தொழில். "வெயில்ல காயட்டும்" என்றார். மறுநாள் கட்டில் மெத்தையும் வெளியே போனது. துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டதோ என்று அவள் பயந்தாள்.

ஒரு மாலை கிளப் முதலாளி வந்து வெறும் பலகை நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் பதமாக இருந்தது.

"விசாரணையில கேப்பாங்கம்மா. பூவாணம் தம்பியோட ஏற்பாடுன்னு சொல்லிடுங்க. போனவனை இனி யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இருக்கிறவங்களைப் பாக்கணும்ல?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே முதலாளி அவள் கணவர் பக்கம் திரும்பினார்.

"நான் மாட்டினா தனியா மாட்ட மாட்டேன், மெத்தைக்காரரே."

கார் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"என்னங்க சொல்லிட்டுப் போறாரு?"

"சுவத்துல ஃபோம் ஒட்டினது நான்தான். சத்தம் வெளிய போகுதுன்னு அக்கம்பக்கத்துல புகார். மட்டமான சரக்கே போதும்னாரு. எரியும்னு சொன்னேன். 'இங்க யாரு அடுப்பு மூட்டப் போறா'ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சிட்டேன்."

"தம்பிக்குத் தெரியுமா?"

"அவன்தான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டான்."

அவள் மறுநாள் காலை கணவரின் மெத்தைப் பட்டறைக்குப் போனாள். மூலையில் அந்த ஃபோமின் மிச்சத் துண்டுகள் கிடந்தன. ஒன்றை வாசலில் போட்டுத் தீக்குச்சி கிழித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் அது உருகி, எரிந்துகொண்டே ஒழுகியது. கரும்புகை தொண்டையைப் பிடித்தது. இருமி இருமிச் சுவரோரம் உட்கார்ந்து, தம்பி போனபின் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

மிச்சத்தைப் பையில் திணித்து எழுந்தபோது கணவர் எதிரே நின்றார்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"விசாரணை அதிகாரிகிட்ட. தீ பரவினது இந்த ஃபோமாலதான்னு காட்டணும். அவன் மேல பழி விழ விடமாட்டேன்."

"என்னையும் உள்ள போட்டுடுவாங்க."

"போடுவாங்க. நீங்களே கொண்டுவந்து குடுத்தா நானும் கூட வர்றேன். இல்லேன்னா நான் மட்டும் போறேன்."

அவர் கை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். இருவரும் பேருந்து ஏறினார்கள்.

முதலாளிக்கு நீண்ட சிறை, கணவருக்குக் குறைவு. சுருட்டையின் மேல் ஒரு சொல்லும் விழவில்லை. அவள் பட்டறையைத் திறந்து தானே தைக்க ஆரம்பித்தாள்.

சிறையில் முதல் சந்திப்பில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் இளைத்திருந்தார்.

"என்னை மன்னிச்சிட்டியா?"

"தெரியலைங்க." அவள் கம்பிவலையருகே நகர்ந்தாள். "சாப்பிட்டீங்களா?"