வரிசையில் தொங்கிய குடை

பள்ளிக்கூடப் பின்கட்டில் பூட்டு தொங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோக்காரர் சுகதன் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

போனில் பேசியவர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், குடியை விட்டவர்கள் அங்கே கூடுவார்கள், உங்கள் வீட்டுக்காரரை அழைத்து வாருங்கள் என்றார். இடம் மாறியதை யாரும் சொல்லவில்லை. கூட்டம் தொடங்கிவிட்டால் போனையும் அணைத்துவிடுவார்களாம். வெளியே பலகை வைக்கவும் மாட்டார்கள், வருகிறவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியக் கூடாதாம். நல்ல ஏற்பாடுதான். வழி தெரியாதவள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் குரியாக்கோஸ் ஆட்டோவுக்குள் கை நடுங்க உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. என் மடியில் மாற்றுத்துணி அடைத்த பை. இன்று அவர் அந்தக் கூட்டத்தில் போய் உட்காராவிட்டால் கட்டப்பனையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். மகளை முன்னாடியே அங்கே அனுப்பியாகிவிட்டது. வெறும் மிரட்டல் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

“சேச்சி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது,” என்றார் சுகதன். “அந்தக் கூட்டம் எங்க நடக்குதுன்னு தெரிஞ்சவன் இந்த ஊர்ல அங்கதான் நிப்பான்.”

அவர் காட்டியது எதிரே இருந்த சர்க்கார் மதுக்கடை. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நீளமான வரிசை. ரேஷன் கடையில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுகிற ஆண்கள் அங்கே மட்டும் முதல் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பார்கள். என்ன ஒழுக்கம்!

நான் இறங்கப் போனேன். குரியாக்கோஸ் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ அங்க போய் நிக்காத, ஏலி. நான் கேட்டுட்டு வர்றேன்.”

நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே பர்ஸை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். பர்ஸ் இல்லாவிட்டால் என்ன, வாங்கிக் கொடுக்க அங்கே சிநேகிதர்களுக்கா பஞ்சம்?

முதலில் வரிசைக்கு வெளியே நின்றுதான் விசாரித்தார். யாரோ கடைசியில் நின்ற நீலச் சட்டைக்காரனைக் கை காட்டினார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர் அவன் பின்னால் போய் நின்றார். இவருக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். வரிசை நகர்ந்தது. கூடவே இவரும் நகர்ந்தார். திரும்பி என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கேட்டுவிட்டு வர இத்தனை நேரமா? அவருக்கும் கடை ஜன்னலுக்கும் நடுவே நாலு பேர், மூணு பேர். என் ரத்தம் கொதித்தது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அத்தனை பேர் முன்னாலும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு பெண் வருவதைப் பார்த்ததும் வரிசை மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது.

கிட்டே போனபோது அவர் குரல் கேட்டது. கெஞ்சிக்கொண்டிருந்தார். “எங்கன்னு மட்டும் சொல்லு, வறீதே. அப்புறம் நீ உன் வேலையப் பாரு.”

“சொன்னா புரியாது. சந்துக்குள்ள சந்து,” என்றான் நீலச் சட்டை. அப்போதுதான் என்னைப் பார்த்தான். என் கையிலிருந்த பையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் குடையைக் கம்பியில் மாட்டினான். இப்போது வந்துவிடுகிறேன் என்று பின்னால் நின்றவரிடம் சொன்னான். அந்த வரிசையில் குடை தொங்கினால் ஆள் நிற்கிற மாதிரி. அதைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள்.

வறீது ஆட்டோவில் சுகதன் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து வழி சொன்னான். யாரும் கேட்காமலே தன் கதையையும் சொன்னான். அந்தக் கூட்டத்துக்கு வெகுநாள் போனானாம், குடியை விட்டிருந்தானாம். தம்பி கல்யாணத்தில் ஒரே ஒரு கிளாஸ். அதற்கப்புறம் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று போகவில்லையாம்.

அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு மாடி. மேலே விளக்கு எரிந்தது, யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குள் மழை கொட்டத் தொடங்கியிருந்தது. குரியாக்கோஸ் இறங்கிப் படிக்கட்டுக்கு ஓடினார். ஓடியவர் முதல் படியில் காலை வைத்துவிட்டு அப்படியே நின்றார். எனக்குத் தெரியும், தனியாக அவர் ஏற மாட்டார். இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றால் திரும்பிவிடுவார்.

வறீது இறங்கவே இல்லை. “வண்டியத் திருப்பு,” என்றான் சுகதனிடம். “குடை அங்க தொங்குது.”

சுகதன் என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“வண்டி நான் பிடிச்சது,” என்றேன். “இங்கதான் நிக்கும். நீங்க நடந்து போறதுன்னா போங்க. குடையில்லாம இந்த மழையில எங்க போவீங்க? விடற வரைக்கும் மேல போய் உக்காருங்க.”

வறீது வானத்தைப் பார்த்தான், படியில் நின்றவரைப் பார்த்தான். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். குரியாக்கோஸ் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஏறினார்கள்.

மழை விட்டால் சொல்கிறேன் என்றார் சுகதன். கர்க்கடக மாச அடைமழை, அது எங்கே இப்போது விடப்போகிறது? நான் பையை மடியிலிருந்து இறக்கிக் காலுக்கடியில் தள்ளினேன்.