காலில் கட்டிய மூன்று எழுத்து

மார்ச் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு இசபெல் போன் செய்தாள். கடற்கரைப் பறவைகளை ஆராய்கிறவள் அவள். எதற்கும் குரலை உயர்த்தாதவள். அன்றைக்கு அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ரோய்மாதா, சிப்பித் திட்டுல ஒரு குவாகா நிக்குதாம். கால்ல வெள்ளைக் கொடி. முதல் எழுத்து இசட்டுன்னு பார்த்தவர் சொல்றார், மீதி அவருக்குத் தெரியல. நான் ரோட்டருவாவுல ஒரு மீட்டிங்ல இருக்கேன், வர ரெண்டரை மணி நேரம் ஆகும். நீங்க போய்ப் பார்க்குறீங்களா?"

"கிளம்பிட்டேன்னு வெச்சுக்கோ" என்றாள் ரோய்மாதா.

அலாஸ்கா வரை போய்வரும் நீள அலகுப் பறவை குவாகா; அடையாளத்துக்காகச் சிலவற்றின் காலில் மூன்று எழுத்துப் பொறித்த பிளாஸ்டிக் கொடி மாட்டியிருப்பார்கள். இசபெல் எந்தப் பறவையை எதிர்பார்க்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இசட்-கே-பி. போன வருடம் அதன் முதுகில் இருப்பிடம் சொல்லும், கட்டைவிரல் அளவு கருவியொன்றை இசபெல்தான் கட்டிவிட்டாள். செப்டம்பரில் அலாஸ்காவிலிருந்து திரும்பும்போது, நடுக்கடலில் மூன்றாம் நாள் சிக்னல் நின்றுபோனது. "நான் ஏத்தின பாரம்தான் அதைக் கொன்னுடுச்சு" என்று இசபெல் ஒரே ஒரு முறை சொன்னாள். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், இதே விரிகுடாவில் இசட்-கே-ஆர் என்று இன்னொன்றும் திரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது எழுத்தையும் படித்தாக வேண்டும். குவாகாக்கள் வடக்கே கிளம்பும் நாட்களும் வந்துவிட்டன. இன்று சாயங்காலமே கூட்டம் எழும்பினாலும் ஆச்சரியமில்லை.

ரோய்மாதா கரையோர ஊரான கையாவாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஓய்வு நேரத்தில் பறவைகளைப் படம் எடுப்பவள். அவள் சித்தி மகன் ஹோனே விரிகுடாவின் எதிர்க்கரையில் சிப்பிப் படகில் வேலை செய்கிறவன். புதிதாக வாங்கிய கேமராவைக் காட்டுவதற்கென்றே அந்த வாரம் வந்திருந்தான். வண்டியில் போகும்போதும் அதே பேச்சுதான்.

"உன் கேமராவுக்குள்ள படம் விழற சென்சார் தபால்தலை அளவுதான் அக்கா. என்னுது அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல. ஃபுல் ஃப்ரேம்."

"உன் வாய்தான் ஃபுல் ஃப்ரேம். லென்ஸ் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? பார்ப்போம்."

இருவரிடமும் இருந்தது ஒரே வகை நானூறு எம்எம் லென்ஸ். அதை ரோய்மாதா மனதில் குறித்துக்கொண்டாள்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகள் வெள்ளைச் சிப்பித் திட்டில் நெருக்கியடித்து நின்றன. எல்லையாக நட்டிருந்த மரக்கம்பத்தைத் தாண்டி யாரும் போகக்கூடாது. பறவைகள் மிரண்டு பறந்தால் நெடும்பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு வீணாகும். கம்பத்தின் அருகே இருவரும் குப்புறப் படுத்தார்கள். கால் மணி நேரம் தேடிய பிறகு ஹோனே கிசுகிசுத்தான்.

"அக்கா, இடது ஓரம். ஒத்தைக் கால்ல நிக்குது பாரு."

தூரம் தொண்ணூறு மீட்டராவது இருக்கும். நீண்ட அலகை இறகுக்குள் செருகி, கொடியின் ஓரம் மட்டும் தெரியும்படி காலை மடக்கிக்கொண்டு தூங்கியது அது.

"காலை இறக்கு, மகாராணி" என்று ரோய்மாதா முணுமுணுத்தாள். அலையொன்று வந்து மேலே பட்டதும் பறவை சிலிர்த்துக் காலை ஊன்றியது. இரண்டு கேமராக்களும் ஒரே நேரத்தில் படபடத்தன.

ஹோனே முதலில் பெரிதாக்கிப் பார்த்தான். இறகு படத்தில் பட்டுப்போல் விழுந்திருந்தது. கொடியில் மூன்று கறுப்புத் தீற்றல்தான். ரோய்மாதாவின் திரையில் முதல் இரண்டு எழுத்தும் படிக்கிற மாதிரி இருந்தன. இசட். கே. மூன்றாவது 'பி'யா 'ஆர்'ஆ என்பது பிடிபடவில்லை.

ஹோனேயின் முகம் சுருங்கியது. "அதே லென்சு, அதே தூரம். உனக்கு மட்டும் எப்படி?"

"பொடிமீன் பிடிக்கப் போவோமே, அந்த வலையை நினைச்சுக்கோ. ஒரு பெரிய வலை, ஒரு சின்ன வலை. ரெண்டுலயும் கண்ணு எண்ணிக்கை ஒண்ணுன்னா எதுல பொடிமீன் தங்கும்?"

"சின்னதுல. கண்ணு பொடிசா இருக்குமே."

"அதேதான். லென்ஸ் விழவைக்கிற பறவை ரெண்டு சென்சார்லயும் ஒரே அளவுதான். உன்னுது பெருசு, சுத்தி வானமும் மண்ணும் நிறைய விழும். ரெண்டுலயும் இருபத்துநாலு மில்லியன் பிக்ஸல், குட்டிக் குட்டிக் கட்டம். என்னுதுல பொடிப் பொடியா நெருக்கமா இருக்கு. கொடியோட அகலத்துல உனக்கு ரெண்டு கட்டம் விழுந்தா எனக்கு மூணு விழும்."

"இதைக் கடைக்காரன் சொல்லவே இல்லையே" என்றான் ஹோனே, நிஜமான வருத்தத்தோடு.

"நீ கேட்டிருக்க மாட்டே."

அவள் மறுபடி குறிபார்ப்பதற்குள் மேற்கிலிருந்து கருமேகம் வந்து கவிந்தது. வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. அடுத்தடுத்து எடுத்த இருபது படத்திலும் ரவையைக் கொட்டியதுபோல் புள்ளிகள். முதலில் தெரிந்த 'கே'கூட அதில் கரைந்துபோயிற்று. திட்டின் வடக்கு ஓரத்தில் பறவைகள் கத்த ஆரம்பித்தன. புறப்பாட்டுக்கு முன்னால் கேட்கும் கத்தல் அது. ரோய்மாதா தன் கேமராவைக் கீழே வைத்தாள்.

"ஹோனே, இனிமே உன் கையிலதான். இந்த இருட்டுல என்னுது உதவாது. உன் கட்டம் ஒவ்வொண்ணும் பெருசு, வெளிச்சத்தை நிறைய வாங்கும்."

"கட்டம் பத்தாதுன்னு இப்பத்தானே சொன்னே?"

"கிட்ட வந்தா பத்தும். கடலைப் பாரு."

தண்ணீர் திட்டை விழுங்கிக்கொண்டே வந்தது. பறவைகள் பின்வாங்கிப் பின்வாங்கி இவர்கள் பக்கமே நடந்தன. எண்பது மீட்டர், அறுபது. ஹோனே மூச்சை அடக்கிக் காத்திருந்தான். ஐம்பதில் அந்தக் குவாகா நின்றது. பக்கவாட்டில் திரும்பியது. கொடி இவர்களை நேராகப் பார்த்தது. அவன் விரலை எடுக்கவேயில்லை.

மழைத்துளி விழுந்த திரையைச் சட்டையால் துடைத்து இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். வெள்ளைக் கொடியில் கறுப்பு எழுத்து, புள்ளியே இல்லாமல். மூன்றாவது எழுத்துக்குக் கீழே, 'ஆர்' என்றால் இருக்கும் சாய்ந்த வால் கிடையாது.

"பி" என்றான் ஹோனே. "அக்கா, பி தானே?"

"பி தான்டா." அவன் தலையை அவள் சேற்றுக் கையாலேயே பிடித்து உலுக்கினாள்.

முதுகில் கருவி இல்லை. கட்டு இற்று எங்கோ விழுந்திருக்க வேண்டும். பறவை கொழுகொழுவென்று இருந்தது.

இசபெலின் வண்டி நாலரைக்கு வந்தது. கதவைக்கூடச் சாத்தாமல், மீட்டிங்குக்குப் போட்டுப்போன செருப்போடு சேற்றில் ஓடிவந்தாள். ஹோனே கேமராவை நீட்டினான். அவள் நெடுநேரம் பார்த்தாள். பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள்.

"பாரம் அதைக் கொல்லல. கட்டு அறுந்துதான் சிக்னல் நின்னிருக்கு" என்றாள். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஆறு மாசம், ரோய்மாதா. ஆறு மாசமா சரியா சாப்பிடல நான்."

அவள் எழுந்திருக்கும் முன் வடக்கு ஓரத்துக் கூட்டம் எழும்பியது. எண்பது பறவைகள் இருக்கும். தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, நீண்ட வரிசையாகி, மேகத்தின் ஓரத்தைப் பிடித்து வடக்கே திரும்பின. சத்தம் அடங்கியதும் மூவரும் திட்டின் இடது ஓரத்தைப் பார்த்தார்கள். இசட்-கே-பி போகவில்லை. அலகால் சேற்றைக் குத்தித் தின்றுகொண்டிருந்தது.

"அதுக்கு இன்னும் பசி போல" என்றான் ஹோனே.

"தின்னட்டும்" என்றாள் இசபெல். "நல்லா தின்னட்டும்."