வீராயி கேட்காத உதவி

தினமும் ஒருவருக்காவது உதவ வேண்டும் என்று புத்தாண்டன்று முடிவெடுத்தாள் சிவசங்கரி. மறுநாள் காலை ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும்போது, சாரம் பேருந்து நிறுத்தத்தில் பூக்கூடையோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்த வீராயியைத் தானாகவே ஏற்றிக்கொண்டாள். பெரிய மார்க்கெட் வாசலில் பூ விற்பவள் வீராயி. இரண்டு மாதம் ஒருநாளும் தவறவில்லை. வழக்கமாக ஏற்றிப்போகும் ஆட்டோக்காரரிடம் இனி தனக்காக நிறுத்த வேண்டாம் என்று வீராயி சொல்லிவிட்டாள்.

மார்ச்சில் சிவசங்கரிக்கு அது அலுத்துப்போனது. தெருநாய்களுக்குச் சோறு வைக்கலாம் என்று தோன்றியது. வீராயியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கினாள்.

சில வாரம் கழித்துக் காய் வாங்கப் போனபோது, வாசலில் வேறொருத்தி பூ விற்றுக்கொண்டிருந்தாள். வீராயி உள்ளே, மீன்காரர்களுக்குப் பக்கத்தில் ஒண்டியிருந்தாள். கூடை நிறையப் பூ அப்படியே இருந்தது.

"ஏன்க்கா இங்க வந்துட்டீங்க?"

"ஒன்ன எதிர்பாத்து நாலு நாளு ஸ்டாப்புலியே நின்னேன். மார்க்கெட்டுக்கு லேட்டா வந்ததுல வாசல் எடம் போயிடுச்சி."

"மன்னிச்சிடுங்கக்கா. நாளையிலேர்ந்து கண்டிப்பா வரேன்."

"வேணாம்மா. ஏத்திக்கோன்னு நானா கேட்டேன்? நீயாதான வண்டிய நிறுத்துன."

சிவசங்கரி நாலு முழம் கேட்டாள். வீராயி அளந்து கொடுத்துவிட்டு, நிமிராமல் அடுத்த சரத்தைக் கட்டத் தொடங்கினாள்.