கசாய விஜயராஜும் நாய்க்கடி ஊசியும்

தன் கணவனை நாய் கடித்ததைக் கல்பனா செல்போனில் நேரலையாகப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து பாகூர் கடைத்தெருவில் பாதிப் பேர் பார்த்தார்கள்.

அப்போது அவள் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஜயராஜ் ஏரிக்கரையில் நின்று, நீளக் குச்சியில் மாட்டிய செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி தூதுவளையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்.

"இத வாரத்துல மூணு நாள் தொவையலா அரைச்சிச் சாப்ட்டாப் போதும். ஒடம்பு கோட்டை மாதிரி ஆயிடும். எந்தக் கிருமியும் உள்ள நொழையாது" என்று சொல்லிவிட்டு, முள்ளை ஒதுக்கிக் கொடியைப் பிடுங்கக் குனிந்தார்.

புதருக்குப் பின்னால் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. கோட்டை என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. படம் ஒருமுறை குலுங்கியது. வானம் தெரிந்தது, புல் தெரிந்தது, கழன்றுபோன ஒற்றைச் செருப்பு தெரிந்தது. "ஐயோ அம்மா" என்று ஒரு குரல் கேட்டது. அதோடு விட்டிருந்தால் ஊர் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் விஜயராஜ் செல்போனைத் தேடி எடுத்தார். வழக்கமாக இருபது முப்பது பேர் பார்க்கும் நேரலையை அன்று முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும் அவருக்கு வலி கொஞ்சம் குறைந்துவிட்டது.

"யாரும் பயப்பட வேணாம்" என்றார், வேர்த்துக் கொட்டிய முகத்தோடு. "கடிச்ச எடத்துல குப்பைமேனி, மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு. அவ்ளோதான். ஊசி கீசி எதுவும் நான் போட்டுக்கப் போறதில்ல. என் எதிர்ப்புச் சக்தி பார்த்துக்கும். ஞாயித்துக்கெழம கல்யாண மண்டபத்துல நம்ம கூட்டம் இருக்கு, வாங்க, கால நேர்லயே காட்டறேன்."

கல்பனா கத்தியைக் கீழே வைத்தாள்.

விஜயராஜ் அடிப்படையில் கெட்ட மனிதர் இல்லை. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாலு ஊர்க்காரர்களுக்குத் துணி எடுத்துப் போட்டு, மரியாதையாக வாழ்ந்துகொண்டிருந்தவர்தான். கொரோனா வந்து கடையை மூடச் சொன்னபோது விரித்துக் காட்டப் புடவை இல்லாமல் செல்போனை விரித்துக்கொண்டார். அந்த வருஷம் எல்லோரும்தான் கசாயம் குடித்தார்கள். கொரோனா போனதும் எல்லோரும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். விஜயராஜ் மட்டும் கவிழ்க்கவில்லை. 'நோயில்லா பாகூர்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பித்தார். ஊர் அவருக்குக் 'கசாய விஜயராஜ்' என்று பெயர் வைத்தது. அதைப் பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் நடந்ததுதான் கொடுமை. விடிந்ததும் நிலவேம்பு. அது தொண்டையை விட்டு இறங்குவதற்குள் தேனில் ஊறிய பூண்டு. பதினோரு மணிக்கு இஞ்சிச் சாறு, சாயங்காலம் மிளகும் மஞ்சளும் கலக்கிய பால். மகள் வினோதினிக்குப் புதுச்சேரியில் காலேஜ். பாகூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். ஆனாலும் ஹாஸ்டலில்தான் தங்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்று போய்விட்டாள். படிப்புக்காக என்று விஜயராஜ் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நிலவேம்புக்காக என்பது கல்பனாவுக்கு மட்டும் தெரியும்.

கல்பனாவுக்குக் கீரை மேலோ பூண்டு மேலோ கோபம் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பூண்டு ரசம் வைக்கிறாள். முருங்கைக்கீரையைப் பருப்புப் போட்டு வதக்கித் தேங்காய் தூவி இறக்குகிறாள். முன்பெல்லாம் விஜயராஜ் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். இப்போது ஒவ்வொரு கவளத்துக்கும் எந்த உறுப்புக்கு நல்லது என்று சொல்லி, கண்ணை மூடி விழுங்குகிறார். போன மாதம் அவள் வைத்த ரசத்தைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டிப் பத்து நிமிஷம் பேசினார். அதை வைத்தது யார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாய் கடித்த காலோடு அவர் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கெண்டைக்காலில் பச்சை, மஞ்சள், வெள்ளை என்று மூன்று பூச்சு இருந்தது. கல்பனா அவரைக் குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டு எல்லாவற்றையும் கழுவினாள். இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"முந்நூறு பேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன், கல்பனா."

"நாய்க்கும் குடுத்தீங்களா?"

அவர் மறுபடி மஞ்சளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் கடலோரப் பனித்திட்டிலிருந்து மீன்கூடையோடு தேவி வந்தாள். வாசலில் கூடையை இறக்கும்போதே, "இன்னாக்கா, மொதலாளிய நாய் கடிச்சிடுச்சாமே! எங்க ஊர்ல படகு நிக்கிற எடத்துலல்லாம் அந்த வீடியோதான் ஓடுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஊசி போட்டாச்சில்லக்கா? எங்க சின்ன மாமனாரு இப்டித்தான் எலை வச்சிக் கட்டிக்கினு சும்மா இருந்துட்டாரு. நல்லாத்தான் கீறாருன்னு நெனச்சோம். ஒரு நாளு தண்ணியக் குடுத்தா, பார்த்தே அலறுனாரு. அப்பறம் ஒண்ணும் பண்ண முடியலக்கா."

தாழ்த்திய குரல்தான். ஆனால் முன்னறையில் படுத்திருந்தவரின் காதில் தெளிவாக விழுந்தது.

அன்று முழுக்க விஜயராஜ் தண்ணீர் குடித்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை டம்ளரில் மொண்டு, அதை உற்றுப் பார்த்து, தனக்குப் பயம் வருகிறதா என்று யோசித்து, வரவில்லை என்று தெரிந்ததும் குடித்தார். குடித்த தண்ணீருக்குக் கொல்லைப்பக்கம் நொண்டி நொண்டிப் போய் வந்தார். கல்பனா தண்ணீர்ப் பானையை இரண்டு முறை நிரப்பி வைத்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அவரே வந்து நின்றார்.

"வில்லியனூர் போலாம். இங்க வேணாம். கம்பவுண்டர்லேர்ந்து வாட்ச்மேன் வரைக்கும் நம்ம குரூப்புல இருக்காங்க."

கொரோனாவிலேயே முகக்கவசம் போடாதவர் அன்று முகக்கவசம் போட்டு, அதற்கு மேல் தலையில் துண்டையும் சுற்றிக்கொண்டு காரில் ஏறினார்.

அந்த ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வினோதினியைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். காயத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"நேத்தே வந்திருக்கணும். இதுல சுண்ணாம்பு வைக்கச் சொன்னது யாரு?"

விஜயராஜ் சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"வாட்ஸ்அப்புல ஒருத்தர் சொன்னாருங்க, டாக்டர்" என்றாள் கல்பனா.

"அந்த ஆள ஒரு நாளைக்கி என்கிட்ட கூட்டிட்டு வாங்க. நான் பேசறேன்."

"கண்டிப்பாக் கூட்டிட்டு வரேங்க."

கையில் போட்ட ஊசியை விஜயராஜ் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டார். காயத்தைச் சுற்றியே போட்ட ஊசிக்குத்தான் அவரிடம் தாங்கும் சக்தி எதுவும் இருக்கவில்லை. அவர் போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் இருந்த குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

நொண்டிக்கொண்டு வெளியே வந்தபோது அதே பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார். கல்பனா அவரைத் துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீசையை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாள். நெட்டப்பாக்கத்தில் கரும்பு போடும் பச்சையப்பன். 'நோயில்லா பாகூர்' குரூப்பில் விஜயராஜ் எது போட்டாலும் முதல் ஆளாகக் கைகூப்புகிறவர்.

"பச்சையப்பண்ணே, நீங்க இன்னா இங்க?"

பச்சையப்பன் எழுந்தார். விஜயராஜைப் பார்த்தார். அவர் தலையில் இருந்த துண்டையும், காலில் இருந்த கட்டையும், கையில் ஒட்டியிருந்த பஞ்சையும் பார்த்தார். இரண்டு பேரும் திருட வந்த வீட்டில் சந்தித்துக்கொண்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

"வவுத்துல எரிச்சல் மொதலாளி. ரெண்டு மாசமா நெருப்பா எரியிது. வெறும் வவுத்துல மொளகு, இஞ்சி, பூண்டுன்னு எறக்கி எறக்கி குடலு புண்ணாயிடுச்சாம்" என்றார் பச்சையப்பன். உடனே அவசரமாக, "யாரு குடிக்கச் சொன்னதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. டிவியில பார்த்தேன்னு சொல்லிட்டேன். உங்க பேர இழுக்கல" என்றார்.

விஜயராஜ் தலைத்துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு காருக்கு நடந்தார். வீடு வரும்வரை காரில் அவர் கசாயப் பேச்சே எடுக்கவில்லை. பயம் தெளிந்து புத்தி வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ரத்து செய்துவிடுவார் என்று கல்பனா நம்பினாள். அவர் ரத்து செய்யவில்லை. மண்டபம் சொல்லியாகிவிட்டது, பேனர் அடித்தாகிவிட்டது. பேனரில் ஒரு கையில் தூதுவளையும் மறு கையில் டம்ளருமாக அவர் படம். அதை எப்படிக் கழற்றுவது?

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. முக்கால்வாசிப் பேர் காலைப் பார்க்க வந்தவர்கள். கல்பனா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விஜயராஜ் இஞ்சியில் ஆரம்பித்து முருங்கைக்கீரையில் ஏறி, கடைசியில் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். காயம் காய்ந்துகொண்டிருந்தது.

"பாருங்க. குப்பைமேனி வச்சேன். நாலாம் நாளு, எந்திரிச்சி நின்னு உங்ககிட்ட பேசறேன்."

பொய் இல்லை. வைத்தார், நின்றார், பேசினார். நடுவில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். கைதட்டல் மண்டபத்தை அதிர வைத்தது.

அப்போது நடுவரிசையில் மணியம்மாள் எழுந்தாள். விஜயராஜ் கடைக்கு எதிரே பூக்கட்டி விற்கிறவள்.

"மொதலாளி, எங்க வூட்டுக்காரரையும் முந்தாநேத்து நாய் கடிச்சிடுச்சிங்க. உங்க வீடியோவப் பார்த்துத்தான் குப்பைமேனி வச்சிக் கட்டியிருக்கோம். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, மொதலாளியே போவல, நான் இன்னாத்துக்குப் போவணும்ங்கறாரு. அப்ப போவ வேணாந்தானே?"

விஜயராஜ் மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார். கல்பனா அவர் முகத்தையே பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் இந்த மனிதருக்காக அவள் இப்படி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதே இல்லை.

"அது வந்து..." என்றார் விஜயராஜ். "ஒவ்வொருத்தர் ஒடம்பு வாகு ஒவ்வொரு மாதிரி. எதிர்ப்புச் சக்தி நல்லா இருந்தா..."

கல்பனா எழுந்துவிட்டாள்.

"மணியம்மாக்கா, இவரு ஊசி போட்டுக்கிட்டாரு" என்றாள். மைக் தேவைப்படவில்லை. "வெள்ளிக்கெழமயே வில்லியனூர் போயிப் போட்டுக்கிட்டாரு. நாளைக்கி இன்னொண்ணு இருக்கு. காயத்தச் சுத்தி ஊசி போட்டப்ப அந்த ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்துச்சி, அப்டிக் கத்துனாரு."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. கல்பனா சிரிக்கவில்லை.

"சிரிக்கிறத அப்பறம் வச்சிக்குங்க. கீரை சோத்துக்கு, நாய்க்கடிக்கு ஊசி. அக்கா, உங்க வூட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"வூட்லதான்" என்றாள் மணியம்மாள்.

எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். விஜயராஜ் கத்துவார் என்று கல்பனாவே எதிர்பார்த்தாள். அவர் மைக்கை மேசைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு, நொண்டியபடி படி இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் மணியம்மாளிடம், "வாங்க, போலாம்" என்றார். மனிதாபிமானத்தில் போனாரா, மண்டபத்திலிருந்து தப்பிக்கப் போனாரா என்பது கல்பனாவுக்கு இன்றுவரை தெரியாது. எதுவானாலும் அன்று மத்தியானமே மணியம்மாளின் கணவருக்கு ஊசி விழுந்தது.

அன்றும் மறுநாளும் விஜயராஜ் அவளோடு பேசவில்லை. இரண்டாவது ஊசிக்குத் தனியாகவே போய் வந்தார். நிலவேம்பைத் தானே காய்ச்சித் தானே குடித்தார். கல்பனாவுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. குரூப்பிலிருந்து ஒரு கூட்டம் வெளியேறியது. நாய் கடித்த வீடியோ ஊர் ஊராகப் போனதில் அதைவிடப் பெரிய கூட்டம் உள்ளே வந்தது. கூட்டம் கூடியது நாயைப் பார்க்கத்தான், அவர் சொன்ன எதையும் கேட்க அல்ல என்பதை நினைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

மூன்றாவது ஊசிக்குப் பாகூர் ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று அவரே சொன்னார். துண்டு கிடையாது, முகக்கவசம் கிடையாது. மணியம்மாளின் கணவரும் வந்திருந்தார். கல்பனா சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள், வரிசையில் இருந்தவர்களுக்கு விஜயராஜ் கொய்யாப்பழத்தின் சத்துகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஆறேழு பேர் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் சாப்ட்டா ஊசி வேணாங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

விஜயராஜ் கல்பனாவைப் பார்த்தார்.

"ஊசி வேணும்" என்றார், மென்று விழுங்கி. பிறகு மனசு கேளாமல், "கொய்யாவும் சாப்பிடணும்" என்றார்.

"சாப்பிடலாம்மா, நல்லா இருக்கும்" என்றாள் கல்பனா. "உப்பு, மொளகாத்தூள் தொட்டுக்குங்க."

உள்ளேயிருந்து நர்ஸ் விஜயராஜின் பெயரைக் கூப்பிட்டாள். அவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டே எழுந்து போனார்.